குடியம் மலைவழி

மலைவழி நடத்தல் உடலுக்கு உரமும் உள்ளத்துக்கு உவகையும் தருவது. குளிர்நாட்டு மக்கள் பனி உறைந்த காலத்திலும் இவ்வின்பத்தை விடுவதில்லை. பிரான்சு நாட்டுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே ஜூரா என்னும் சுண்ணாம்புக்கல் மலைத்தொடர் உள்ளது. அங்குப் பனிக்காலத்தில் நடப்போர், காலில் அகன்ற பனிமிதியடிகளைப் பூட்டிக்கொள்வர். அவை உடலின் எடையைப் பரப்பித் தாங்குவதால் கால்கள் பனியுள் புதைவதில்லை. அத்தகைய மலைகளில் மழைநீர் நெடுங்காலம் ஊறிச் சுண்ணாம்புக் கல்லைக் கரைப்பதனால் குகைகள் பல தோன்றியுள்ளன.

சென்னையின் மேற்குப் புறநகர்களாகிய அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களில் வாழும் மாணவர்க்கு இச்செய்தி வியப்பளிக்கலாம். ஆயினும், மலைவழியும் குகையும் காண அவர்கள் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. அவர்கள் ஊர்களுக்கு வடமேற்கே ஒரு நாளிற் சென்று மீளும் தொலைவில் குடியம் குகைகள் உள்ளன. அங்குப் பனியும் இல்லை. சுண்ணாம்புக் கல்லும் இல்லை. எனினும், உலகத்தின் மிகப் பழைய மனித வரலாற்றின் ஏடுகளுள் ஒன்று அந்த வழியிலே திறந்து கிடக்கிறது.

ஆவடியிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் புகைவண்டி திருவள்ளூரை அடைகிறது. பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் செல்லச் சாலை உண்டு. திருவள்ளூரை அடுத்துள்ளது பூண்டி. அங்கே கொசத்தலை ஆற்றைத் தடுத்துக் கட்டிய நீர்த்தேக்கம் 1944-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அது சென்னை மாநகரத் தந்தையாய் விளங்கிய சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்றும் பூண்டியில் உள்ளது. குகைக்குச் செல்வோர் முதலில் அதனைக் கண்டு செல்லுதல் நலம். கற்கருவி இன்னதென்று கண்ணுக்குப் பழக்கமானால்தான் வழியிலுள்ள கற்களின் பெருமை விளங்கும்.

பூண்டிக்கு அப்பால் அல்லிக்குழி மலைகள் தொடங்குகின்றன. அவை வானை முட்டும் மலைகள் அல்ல, தாழ்ந்த குன்றுகளே. குடியம் என்னும் சிற்றூரைக் கடந்ததும் புதர்க்காட்டினூடே ஒற்றையடிப் பாதை செல்கிறது. இருபுறமும் முட்செடிகள் நெருங்கி நிற்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தபின், மரங்களுக்கிடையே செந்நிறப் பாறைச் சுவர் திடீரெனத் தோன்றும். அதன் அடியில், முன்னோக்கி நீண்ட பெருங்கூரைபோலப் பாறை கவிந்திருக்கும். அதுவே குகை. அதற்கு அப்பால் அதனினும் பெரிய குகை ஒன்று உள்ளது. பலர் ஒருங்கே நிற்கத்தக்க அகலமும், அண்ணாந்து நோக்கத்தக்க உயரமும் உடையது அது. ஊர்மக்கள் அங்கு அம்மனை வழிபட்டு வருகின்றனர்.

இக்குகையின் சுவரை உற்று நோக்கினால் ஒரு புதுமை புலப்படும். பாறை முழுதும் ஒரே கல்லாக இராது. உருண்டை வடிவான கூழாங்கற்கள் எண்ணிறந்தவை மணலோடு சேர்ந்து இறுகி, ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்ப் பழைய ஆறுகள் உருட்டி வந்த கற்களே இவை. பின்னர் அவற்றின் இடையே படிந்த மணலும் மண்ணும் இறுகிப் பாறையாயின. சுண்ணாம்புக்கல் மலையில் நீர் கல்லைக் கரைத்துக் குகை செய்கிறது. குடியத்திலோ வெயிலும் மழையும் காற்றும் சேர்ந்து, மெலிந்த அடுக்குகளைச் சிறிது சிறிதாக உதிர்த்துப் பாறையைக் குடைந்தன. அவ்வாறு உதிர்ந்த கூழாங்கற்கள் சரிவுகளிலும் ஆற்றுப் படுகைகளிலும் பரவின. அவற்றுள் குவார்ட்சைட் என்னும் வன்மைமிக்க கல்லும் மிகுதி. தட்டினால் கூர்மையான விளிம்புடன் சிதறும் இக்கல்லே பழைய கற்கால மனிதன் தேடியது. நீரும் வேட்டையும் நிழலும் கருவிக்கு வேண்டிய கல்லும் ஓரிடத்தே வாய்த்தமையால், அவன் இப்பகுதியை விரும்பி வாழ்ந்தான்.

இந்த உண்மையை உலகறியச் செய்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர். அவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 1858-ஆம் ஆண்டில் சேர்ந்தார். நிலத்தின் அடுக்குகளை ஆராய்ந்து நிலப்படம் வரைவதே அவருடைய பணி. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய குழி ஒன்றினருகே அவர் ஒரு கல்லைக் கண்டார். சாலைக்குச் சரளை எடுத்தவர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவரோ அது மனிதன் கையால் செதுக்கப்பட்ட கருவி என்று உணர்ந்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுவே முதற்சான்றாயிற்று. அப்பொழுது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் ஃபூட்டும் அவருடைய துணைவர் வில்லியம் கிங் என்பவரும் கொசத்தலை ஆற்றுப்பகுதியில் அத்திரம்பாக்கம் என்னும் ஊரருகே மேலும் பல கருவிகளைக் கண்டனர். பின்னர்க் குடியம் குகைகளையும் ஃபூட் ஆராய்ந்தார்.

சாதாரணக் கல்லுக்கும் கற்கருவிக்கும் உள்ள வேற்றுமை யாது? ஆறு உருட்டிய கல் எப்பக்கமும் வழவழப்பாக இருக்கும். மனிதன் செதுக்கிய கல்லிலோ சில்லுகள் பெயர்ந்த தழும்புகள் ஒன்றையடுத்து ஒன்றாக, ஒரு முறைமையோடு அமைந்திருக்கும். கைக்கோடரி என்பது பெரும்பாலும் வாதுமைப் பருப்பின் வடிவினது. இரு முகங்களும் செதுக்கப்பட்டு, விளிம்பு கூராக்கப்பட்டு, ஒரு முனை குறுகியிருக்கும். அதனைக் கையிற் பிடித்து வெட்டவும் கிழிக்கவும் தோண்டவும் பயன்படுத்தினர். இத்தகைய கருவிகள் இப்பகுதியில் மிகுதியாகக் கிடைத்தமையால், ஆராய்ச்சியாளர் இக்கருவி மரபுக்குச் சென்னையின் பெயரையே சூட்டினர்.

1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் துறையினர், கே. டி. பானர்ஜி தலைமையில் குடியத்தில் அகழ்ந்து ஆராய்ந்தனர். குகைக்குள் கிடைத்த கருவிகள் மிகச் சிலவே. ஆகவே, குகை நிலையான குடியிருப்பாக இல்லாமல், அவ்வப்போது தங்கும் நிழலிடமாக இருந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

அத்திரம்பாக்கத்தில் 1999-ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகிய அறிஞர்கள் பல்லாண்டுகள் அகழ்வாராய்ச்சி நடத்தினர். அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று அவர்கள் 2011-ஆம் ஆண்டில் அறிவித்தனர். மேலடுக்குகளில் வேறு வகையான, நுட்பம் மிகுந்த கருவிகள் தோன்றியது ஏறத்தாழ 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு என்பதனை 2018-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உலக அறிஞர்களின் கவனம் இச்சிற்றூரின்பால் திரும்பியது.

எழுத்தும் ஏடும் இல்லாத கல்லின் வயதை எங்ஙனம் கணிப்பது? விண்வெளியிலிருந்து நுண்கதிர்கள் எப்பொழுதும் நிலத்தின்மீது விழுந்துகொண்டிருக்கின்றன. வெளியே கிடக்கும் கல்லில் அக்கதிர்கள் படுவதனால் அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் ஒரு வகை அணுக்கள் மிகச் சிறிதளவு உண்டாகின்றன. அக்கல் மண்ணுள் ஆழப் புதைந்துவிட்டால் புதிய அணுக்கள் தோன்றுவது பெரும்பாலும் நின்றுவிடும். பழையவை சிதைந்து குறையத் தொடங்கும். அலுமினிய அணுக்கள் விரைவாகவும் பெரிலிய அணுக்கள் மெதுவாகவும் குறையும். இரண்டும் எஞ்சியுள்ள அளவை ஒப்பிட்டால், கல் புதைந்து எத்துணைக் காலமாயிற்று என்பது புலனாகும். அன்றியும், எந்த அடுக்கின்மேல் எந்த அடுக்கு படிந்துள்ளது என்பதும் காலத்தை வரிசைப்படுத்திக் காட்டும்.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. கருவி மட்டும் வரலாறு கூறுவதில்லை. அது கிடக்கும் இடமும் சேர்ந்தே வரலாறு கூறுகிறது. எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில், வேறு எவற்றோடு சேர்ந்து அது கிடந்தது என்பது தெரிந்தால்தான் அறிஞர் அதனிடம் வினவி விடை பெற இயலும். அழகாயிருக்கிறதென்று ஒருவர் அதனை எடுத்துச் சென்று வீட்டுப் பேழையில் வைத்தால், அக்கல் ஊமையாகிவிடும். ஏட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தெடுத்தவன் அத்தாளையும் பயன்படுத்துவதில்லை, ஏட்டையும் பாழாக்குகிறான். சரளைக்காக நிலத்தைத் தோண்டும் இடங்களிலும் இத்தகைய இழப்பு நேரக்கூடும். பல்லாவரத்துக் கல் ஓர் அறிஞரின் கண்ணிற் பட்டது நற்பேறு. கண்ணிற் படாமல் சாலைக்கு அடியிற் சென்ற கற்கள் எத்தனையோ!

ஆகவே, குடியம் மலைவழியில் நடப்போர் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும். வனத்துறையின் இசைவு பெற்று, வழி அறிந்த ஊரார் ஒருவரைத் துணையாகக் கொண்டு செல்லுதல் வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் தண்ணிய மாதங்களே நடைக்கு ஏற்றவை. காலையிலேயே புறப்பட்டு, வேண்டிய குடிநீரை உடன்கொண்டு செல்லுதல் வேண்டும். பாறைக் கூரையில் தேனடைகள் தொங்குவதுண்டு. ஆதலால் கூச்சலிடுதலும் தீ மூட்டுதலும் கூடா. பாறையிற் பெயர் பொறித்தல் தகாத செயல். வழியில் கற்கருவி போன்றதொன்றைக் கண்டால், குனிந்து நன்கு நோக்கலாம். ஏட்டில் அதன் வடிவத்தை வரைந்துகொள்ளலாம். ஆனால், அதனை அங்கேயே விட்டு வருதல் வேண்டும். தொல்லியல் துறையினர்க்கு அதனை அறிவித்தல் மேலும் நன்று.

கைகளை நிரப்பிக்கொண்டு திரும்புதல் இந்நடையின் பயன் அன்று. பன்னூறாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவன் இவ்வழியில் நின்று, நல்லதொரு கல்லைத் தேர்ந்து, பொறுமையோடு செதுக்கினான். அவன் பெயரை அறிவார் இல்லை; அவன் மொழியை அறிவாரும் இல்லை. அவன் கைத்திறன் மட்டும் எஞ்சி நிற்கிறது. அதனை அவன் விட்ட இடத்திலேயே விட்டு, பின்வருவோரும் காணுமாறு காத்தல் அவ்வழி நடப்போர் அனைவர்க்கும் உரிய கடமையாகும்.