கழுகுமலைக்கு ஒரு பாட்டுப் பயணம்



ஆல்பம் முழுக்க ஒரே கதையைப் பாட்டுகளாகக் கோத்துச் சொன்னால் அது ராக் ஓபரா. 1969-இல் இங்கிலாந்தின் 'தி ஹூ' குழு வெளியிட்ட 'டாமி' அதில் பேர்பெற்றது.

ஒரே சரட்டில் பாட்டுக் கோக்கும் வித்தை நம் சங்கரன்கோவில் வட்டாரத்துக்கும் பழசுதான். சென்னிகுளத்தில் 1865-இல் பிறந்தவர் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போனபோது, வழிநடைக் களைப்புத் தெரியாமலிருக்க ரெட்டியார் பாடியதே காவடிச்சிந்து. கோயில் அழகு, ஊர் வளம், தலைவியின் ஏக்கம் எல்லாம் அதில் உண்டு. அடுக்கடுக்காக விழும் எதுகையில் கால் தானே தாளம் போடும்.

முப்பது வயதைக்கூடக் காணாமல் மறைந்தார் ரெட்டியார். காவடி தோளேறும் இடமெல்லாம் அவர் சிந்து இன்றும் கூடவே நடக்கிறது.