இளைஞருக்கு விடுதிக் கதவு அடைபடலாமா?



19 வயது இளைஞன் ஒருவன் இரவு பத்து மணிக்கு இங்கிலாந்தின் நகரமொன்றில் இரயிலை விட்டு இறங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். மறுநாட் காலை அவனுக்கு உத்தியோக நேர்முகப் பரீட்சை. கையிற் பணம் இருக்கிறது. ஹோட்டலில் அறையும் இருக்கிறது. ஆயினும், "21 வயது நிரம்பாதவர்களை நாம் ஏற்பதில்லை" என்று கூறி அவனை அனுப்பிவிடுகிறார்கள். இதற்குச் சட்டம் இடங்கொடுக்கிறதா?

ஆங்கிலப் பொதுச் சட்டம் விடுதிக்காரரை ஏனைய வணிகரினின்றும் வேறாகவே கருதி வந்துள்ளது. வந்த பிரயாணிகளுள் தமக்குப் பிடித்தவரை மட்டும் தெரிந்தெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. காரணம் வெளிப்படை. இருளிலே தெருவில் நிற்பவனுக்கு வேறு புகலிடம் ஏது? 1943ஆம் ஆண்டில் மேற்கிந்தியக் கிரிக்கெற் வீரர் லியரி கொன்ஸ்ரன்ரைனை அவருடைய நிறங் காரணமாக இலண்டன் இம்பீரியல் ஹோட்டல் ஏற்க மறுத்தது. நிறபேதத்தைத் தடுக்கும் சட்டம் அந்நாட்டில் அன்று இல்லை. எனினும் இப்பழைய கடமையை ஆதாரமாகக் கொண்டே அவர் 1944இல் வழக்கில் வென்றார். நட்டஈடு ஐந்து கினி மட்டுமே. நிலைநாட்டப்பட்ட உரிமையோ பெரிது.

1956ஆம் ஆண்டின் ஹோட்டல் உரிமையாளர் சட்டமும் இக்கருத்தையே தழுவி நிற்கின்றது. நியாயமான கட்டணத்தைச் செலுத்தக்கூடியவராகவும், ஏற்கத்தக்க நிலையில் உள்ளவராகவும் தோன்றும் எந்தப் பிரயாணிக்கும் இடமளிப்பதே ஹோட்டல் என்று அது வரையறுக்கின்றது. அங்கே வயதைப் பற்றிய பேச்சே இல்லை.

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இன்னும் தெளிவானது. 2012 ஒக்டோபர் முதலாந் தேதி தொடக்கம், சேவை வழங்குவோர் 18 வயது நிரம்பியவரை வயது காரணமாக ஒதுக்குதல் பொதுவாகச் சட்டவிரோதமாகும். நியாயமான நோக்கமொன்றுக்கு அளவான வழி அதுவே என்று ஹோட்டல் காட்டினால் மாத்திரமே அது தப்பலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்க்கு இப்பாதுகாப்பு இல்லை. பழைய பொதுச் சட்டக் கடமை ஒன்றே அவர்க்குத் துணை.

ஹோட்டல்காரரின் அச்சமும் முற்றிலும் பொய்யன்று. இளைஞர் கூட்டமொன்று அறையைப் பாழாக்கிச் சென்றால் நட்டம் அவருடையதே. ஆனால் அதற்கு வேறு வழிகள் உள்ளன. எல்லாரிடமும் ஒரேவிதமாக வைப்புப் பணம் பெறலாம். குடித்துவிட்டுக் குழப்பஞ் செய்பவரை வெளியேற்றலாம். இளைஞனுடைய ஒப்பந்தம் செல்லாது என்ற பழைய காரணமும் இன்று பொருந்தாது. 1970ஆம் ஆண்டு தொடக்கம் அங்கே பராயமடையும் வயது 21 அன்று, 18.

ஆகவே அந்த இளைஞன் செய்யத்தக்கது யாது? மறுப்புக்குரிய காரணத்தை எழுத்திலே கேட்டு வாங்க வேண்டும். வழக்குத் தொடுப்பதாயின் பொதுவாக ஆறு மாதத்துக்குள் கவுன்ரி நீதிமன்றத்தை நாட வேண்டும். ஒருவருடைய நடத்தையைக் கண்டு கதவடைப்பது வேறு. பிறந்த ஆண்டைக் கேட்டுக் கதவடைப்பது வேறு. இவ்வேறுபாட்டை அறிந்தவன் வாயிலிலே தலைகுனிந்து திரும்ப வேண்டியதில்லை.