ரத்தத்துக்குள் ஓர் அரிவாள்!

அரிவாள் என்றதும் வயற்காடு நினைவுக்கு வரும். கதிர் அறுப்பு நினைவுக்கு வரும். மனிதனுடைய ரத்தத்துக்குள்ளும் அரிவாள் உண்டு என்றால் நம்ப முடிகிறதா?

உண்டு. நீலகிரி மலையிலும் அதன் சாரலிலும் வாழும் பழங்குடி மக்கள் பலருக்கு அது பிறவியிலேயே வந்து சேருகிறது. அது வெட்டும் வெட்டு வெளியே தெரியாது. காயம் இராது, ரத்தம் ஒழுகாது. ஆனால் வலி? எலும்பு முறிந்தவர் படும் வேதனைக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

'அரிவாள் செல் ரத்தசோகை' என்பது இந்த நோயின் பெயர். நோயைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் இதில் இருக்கிறது. நள்ளிரவில் வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருபவர், 'எனக்கு வலிக்கிறது' என்று சொன்னால், அதை நம்புவதற்கு அங்கே ஒருவர் வேண்டுமே!

வட்டம் பிறையாகிறது

நல்ல ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் வட்டத் தட்டுப் போல இருக்கும். மிருதுவாக வளைந்து கொடுக்கும். தலைமயிரைவிட மெல்லிய குழாய்களிலும் நழுவிச் சென்றுவிடும். அவற்றின் ஆயுள் சுமார் 120 நாள்.

இந்த நோயாளிகளின் அணுக்கள் அப்படி அல்ல. பிராணவாயு குறைந்ததும் விறைத்து, அரிவாள் போல் வளைந்துவிடும். 10 முதல் 20 நாளில் அழிந்தும் போகும். வளைந்த அணுக்கள் நுண்ணிய குழாய்களில் சிக்கிக்கொண்டு பாதையை அடைக்கும். வாய்க்காலில் அடைப்பு விழுந்தால் கடைமடை வயல் காய்கிறதல்லவா? அதுபோல, அடைப்புக்கு அப்பால் உள்ள எலும்பும் சதையும் ரத்தம் இல்லாமல் தவிக்கும். அந்தத் தவிப்புதான் வலி. சில மணி நேரத்திலும் அடங்கலாம். பல நாள் நீடிக்கவும் செய்யலாம்.

குளிர், தாகம், காய்ச்சல், கடும் உழைப்பு - இந்த நான்கும் வலியைக் கிளப்பிவிடக் கூடியவை. மலையில் குளிருக்குக் குறைவா? தோட்ட வேலையில் உழைப்புக்குக் குறைவா?

1952-இல் தெரிந்த சேதி

1910-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஜேம்ஸ் ஹெரிக் என்ற டாக்டர், தம்மிடம் வந்த மாணவர் ஒருவரின் ரத்தத்தில் இந்த விசித்திர அணுக்களைக் கண்டதாக எழுதினார். மருத்துவ உலகம் இந்த நோயை அறிந்தது அப்போதுதான்.

இந்தியாவில் இது கண்டறியப்பட்டது எங்கே தெரியுமா? நம் நீலகிரியில்தான். ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அங்குள்ள மக்களின் ரத்தத்தைச் சோதித்து, 1952-இல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இது காணப்பட்டது.

தாய், தந்தை இருவரிடமும் இந்தக் குறை பாதி அளவில் மறைந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நாலில் ஒரு பங்கு, பிள்ளை நோயோடு பிறக்கக்கூடும். பாதி அளவு உள்ளவர்களுக்குப் பொதுவாகத் தொல்லை இல்லை. மலேரியா அவர்களைக் கொல்வதும் அரிது என்று 1954-இல் ஆலிசன் என்ற அறிஞர் எடுத்துக்காட்டினார். மலேரியாக் காடுகளில் இந்தக் குறை தலைமுறை தலைமுறையாக அழியாமல் நின்றதன் ரகசியம் அதுவே.

வாசலில் நடப்பது என்ன?

கூடலூர்ப் பக்கத்திலிருந்து கோவைக்கு வருவதென்றால், உதகையைக் கடந்து, மலை இறங்கி, மேட்டுப்பாளையம் வழியாக வர வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் வலி ஏறும். வந்து சேர்ந்தால் அவசர சிகிச்சைப் பிரிவில் விபத்தில் அடிபட்டவர், பாம்பு கடித்தவர், மாரடைப்பு வந்தவர் என்று கூட்டம். வலியோடு வந்தவருக்கோ காயம் இல்லை. எக்ஸ்ரே படத்திலும் பல சமயம் ஒன்றும் தெரியாது. நோயின் பெயரை அறியாத இடமானால், 'காத்திருங்கள்' என்ற சொல்தான் முதலில் கிடைக்கும். அடிக்கடி வருபவர் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டாலோ, 'ஊசிக்குப் பழகிப் போனவர்' என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும்.

இது ஏழை நாடுகளின் குறை மட்டும் அல்ல. 2013-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். அவசரப் பிரிவுக்கு வரும் இந்நோயாளிகள், மற்ற நோயாளிகளைவிடக் கால் பங்கு அதிக நேரம் காத்திருந்தார்கள். கை, கால் எலும்பு முறிந்து வந்தவர்களைவிட அரைப் பங்கு அதிக நேரம் காத்திருந்தார்கள்!

லண்டனில் 2019 ஏப்ரலில் நடந்தது இன்னும் உருக்கமானது. இந்த நோய் உள்ள 21 வயது இளைஞர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அவசர உதவிக்குப் போன் செய்தார். தமக்குப் பிராணவாயு வேண்டும் என்று கேட்டார். பின்னர் இறந்துபோனார். இதன் எதிரொலியாகப் பிரிட்டிஷ் எம்.பி.க்கள் குழு விசாரணை நடத்தி 2021-இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பு: 'யாரும் கேட்பதில்லை.'

அரை மணிக் கணக்கு

கேட்பது எப்படி என்பதற்கு இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2012-லேயே விதி சொல்லியிருக்கிறது. நோயாளி வந்த 30 நிமிடத்துக்குள் வலி மருந்து கொடுக்க வேண்டும். வலி அடங்கும் வரை அரை மணிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் நோயைப் பற்றி நன்கு அறிந்தவர் நோயாளியே என்று கருதி அவர் பேச்சைக் கேட்க வேண்டும். இதற்குப் பெரிய இயந்திரம் ஏதாவது வேண்டுமா? காது கொடுத்தால் போதும். அலமாரியில் மருந்து இருந்தால் போதும்.

மருந்தில் ஒரு சிக்கல் உண்டு. கடும் வலிக்கு உகந்தது மார்பின். அது கிடைப்பது அபினியிலிருந்து. அபினி நம் நாட்டிலேயே மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிறது. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு அஞ்சிப் பல ஆஸ்பத்திரிகள் மார்பினை வாங்கி வைக்கத் தயங்கின. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாயிற்று. சட்டம் இளகியது, தயக்கமும் இளக வேண்டும்.

மலையில் பிறந்த முயற்சி

இருட்டு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். கோத்தகிரியில் டாக்டர் நரசிம்மன் 1958-இல் தொடங்கிய நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கமும், கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் இந்த நோயாளிகளைத் தேடிப் பிடித்துக் கவனித்து வருகின்றன. கூடலூரில் பழங்குடிப் பெண்களே நர்சுகளாகப் பயிற்சி பெற்றுப் பணி செய்கிறார்கள். வலியைத் தன் மொழியில் சொல்ல ஆள் இருப்பது பாதி வைத்தியம் அல்லவா?

மத்திய அரசு 2023 ஜூலை 1-ஆம் தேதி தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பதும், 2047-க்குள் நோயை ஒழிப்பதும் குறிக்கோள். உதகையில் 700 படுக்கைகளுடன் புதிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. வலி வரும் தடவைகளைக் குறைக்கும் 'ஹைட்ராக்சியூரியா' என்ற மாத்திரையும் இருக்கிறது. டாக்டர் கண்காணிப்பில், ரத்தப் பரிசோதனையோடு சாப்பிட வேண்டியது அது.

வீட்டார் கவனத்துக்கு

சோதனைச் சீட்டையும், சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் ஒரு பையில் போட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் முதல் வார்த்தையாக 'அரிவாள் செல் நோய்' என்று சொல்லுங்கள். 'வலி' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். முன்பு எந்த மருந்து கேட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லுங்கள்.

நெஞ்சு வலியோடு மூச்சுத் திணறல், 101 டிகிரி காய்ச்சல், குழந்தைக்குத் திடீரென்று வயிறு வீங்கி முகம் வெளுத்தல், ஒரு பக்கம் கை கால் விழுதல், பேச்சுக் குழறல் - இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தசோகைதானே என்று டாக்டரைக் கேளாமல் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்காதீர்கள். இது இரும்புக் குறைவால் வரும் சோகை அல்ல.

காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு. ரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. வலியை அளக்க மட்டும் இன்றுவரை கருவி இல்லை. அதற்கு ஒரே சாட்சி நோயாளியின் வாய்தான். நீலகிரி ரத்தத்தில் இந்த அரிவாள் இருப்பது 1952 முதல் தெரிந்த சேதி. அந்தச் சேதி மலைப்பாதையிலேயே நின்றுவிடாமல், ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கும் வந்து சேர வேண்டும். மருந்துக்கு முன்னால் நோயாளிக்குக் கிடைக்க வேண்டியது நம்பிக்கை. அதற்கு விலை கிடையாது. தட்டுப்பாடும் இருக்கக் கூடாது.