காய்ச்சலோடு கறுப்புப் பொருக்கு இருக்கா, பாருங்க

மழை ஓய்ந்து பனி இறங்குகிற மாதங்களில் காய்ச்சல் வந்தால் டெங்குவா, எலிக்காய்ச்சலா என்றுதான் முதலில் யோசிக்கிறோம். ஸ்க்ரப் டைஃபஸ் என்று இன்னொன்றும் இருக்கு. தமிழ்நாட்டில் ஆகஸ்டு தொடங்கி பிப்ரவரி வரை இது அதிகம். களை எடுக்கிறவங்க, புல் அறுக்கிறவங்க, ஆடு மேய்க்கிறவங்க, விறகு பொறுக்கப் போறவங்க, இவங்களைத்தான் தேடிப் பிடிக்கும். அதாவது நம்மை.

செய்தித்தாளில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று போடுகிறார்கள். உடனே மாட்டு உண்ணியை நினைச்சுக்காதீங்க. இதைப் பரப்புவது கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிலந்திப்பேன். மழைக்குப் பிறகு சிவப்பு வெல்வெட் மாதிரி ஊர்ந்து போகுமே தம்பலப்பூச்சி, அதற்குத் தூரத்துச் சொந்தம். வளர்ந்த பேன் மண்ணில் சின்னப் பூச்சிகளையும் முட்டைகளையும் தின்று வாழும், நம்மைத் தொடாது. ஆறு கால் இளம்புழு மட்டும்தான் எலி, அணில், மனிதர் என்று ஏதாவது ஒரு உடம்பில் ஏறும். கிருமி தாய்ப்பேனிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. அதனால் எலி இந்தப் பேனுக்குச் சோறுதான். கிருமியின் சொந்த வீடு பேன். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது.

கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. ரிக்கெட்சியா குடும்பம். நம்ம ஜீவாமிர்தத்தில் வெல்லமும் பயறு மாவும் போட்டால் நுண்ணுயிர்கள் பெருகுதில்லையா, அந்த மாதிரி இதை எந்தக் கரைசலிலும் வளர்க்க முடியாது. உயிருள்ள செல்லுக்குள்ளே போனால்தான் பெருகும். செல்லின் ரொக்கப் பணம் ஏடிபி என்கிற பொருள். அதையே எடுத்துச் செலவழிக்கிற ஆசாமி இது. வங்கியில் இருந்தவன் புத்தி, எனக்கு அடுத்தவன் கணக்கில் கை வைக்கிறவன் ஞாபகம்தான் வருது.

இந்தக் குணம்தான் வைத்தியத்தைச் சிக்கலாக்குகிறது. சாதாரண ரத்த வளர்ப்புச் சோதனையில் கிருமி பிடிபடாது. பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் சுவரைக் கட்டவிடாமல் செய்பவை. இதற்கு அந்த வகைச் சுவர் மிகச் சொற்பம். எனவே அமாக்சிசிலினோ, பெரிய ஊசியான செஃப்ட்ரியாக்சோனோ போட்டாலும் காய்ச்சல் இறங்காது. செல்லுக்குள் நுழைந்து வேலை செய்கிற டாக்ஸிசைக்ளின் கேட்கும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். விலை அதிகமில்லாத மாத்திரைதான். சரியான நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விடும். ஒரு வாரம் தள்ளிப்போனால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பாதிக்கும், உயிரும் போகும். முற்றிய நோயாளிகளுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. அதற்காக மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கி விழுங்குவது வேண்டாம்.

கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வரும். ரத்தத்தட்டு குறையும், அதனால் டெங்கு என்றே நினைத்துவிடுவார்கள். ஒரு தடயம் உண்டு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பில் துணி இறுகுகிற இடம் என்று மறைவாகத்தான் இருக்கும். எல்லாருக்கும் இருப்பதில்லை, இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. பெண்கள் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடுகிறார்கள். வீட்டில் யாராவது பார்த்து, மருத்துவரிடம் "காட்டுல வேலை செஞ்சேன், இங்க ஒரு பொருக்கு இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லணும். ஐஜிஎம் எலிசா என்று ரத்தப் பரிசோதனை இருக்கு. முதல் சில நாளில் அதுவும் காட்டாமல் போகலாம்.

இதுக்காக மூடாக்கை எடுத்துவிட்டு வரப்பில் களைக்கொல்லி அடிக்க யாரும் கிளம்ப வேண்டாம். ஆள் நடக்கிற வரப்பிலும் வீட்டைச் சுற்றியும் புல்லை ஒட்ட அறுத்தால் போதும். புல்லில் நேராக உட்காராமல், படுக்காமல், ஒரு சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். துணியைப் புதர் மேல் காயப்போடாதீர்கள். முழுக்கைச் சட்டை நல்லது. பேன் கடித்த நொடியிலேயே கிருமி இறங்கிவிடாது, சில மணி நேரம் எடுக்கும். ஆகவே வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, போட்டிருந்த துணியையும் அன்றே துவைத்துவிடணும். களை எடுக்க வருகிற அக்காக்கள் கிளம்பும் முன் கை கால் கழுவ மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்க.