உங்களுக்குத் தெரியுமா? ஆஸ்பத்திரி பில்

● இந்தியாவில் மருத்துவத்துக்குச் செலவாகும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 2013-14இல் 64 ரூபாய் மக்கள் தங்கள் கையிலிருந்து போட்டது. 2021-22 அரசுக் கணக்கில் அது 39. குறைந்திருப்பது நல்லதுதான். வளையலை அடகு வைத்துவிட்டு டிஸ்சார்ஜுக்குக் காத்திருப்பவரிடம் இந்தச் சராசரியைச் சொல்லிப் பாருங்கள்!

● இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட், ஒரு லட்சத்தைத் தாண்டி விற்றது. 2017 பிப்ரவரியில் அரசு வைத்த உச்சவரம்பு 29,600 ரூபாய். சாதா ஸ்டென்டுக்கு 7,260.

● மெடிக்ளெய்ம் இருக்கிறதே என்று தெம்பாக இருக்கிறீர்களா? பாலிசியில் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். சில பாலிசிகளில் நாளொன்றுக்கு 4,000 ரூபாய்தான் என்றிருக்கும். நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுத்தால், கூடுதல் வாடகையோடு விஷயம் முடியாது. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாமே பாதியாக வெட்டப்படலாம். 60,000 ரூபாய் சர்ஜன் ஃபீஸில் 30,000 உங்கள் தலையில்! மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனை, ஐ.சி.யூ. கட்டணங்களில் இப்படி வெட்டக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் சொல்லிவிட்டது. அட்மிஷன் கவுன்ட்டரில் ‘எந்த ரூம் வேணும்?’ என்று கேட்கும்போது இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்?

● டெல்லி வட்டாரத்தில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை மருந்து விலை ஆணையம் 2018இல் அலசியது. சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை! எம்.ஆர்.பி.யைத் தாண்டி விற்கவில்லை, அந்த எம்.ஆர்.பி.யே ஊதிப்பெருத்தது.

● சோராஃபெனிப், கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்கான மாத்திரை. பேயர் நிறுவனத்தின் விலை மாதத்துக்குச் சுமார் 2.80 லட்சமாக இருந்தது. 2012இல் ஹைதராபாத் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் (பேடன்ட் இருக்கும்போதே வேறு நிறுவனம் தயாரிக்க அரசு தரும் அனுமதி) கிடைத்ததும் 9,000 ரூபாய்க்குள் வந்தது. பேயருக்கு ராயல்டியும் தர வேண்டியிருந்தது.

● தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கித் தருவது, 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். ஒதுக்கிய தொகைக்குள் கிடங்கில் மருந்து எடுத்துக்கொள்ளலாம். கேரளாவும் ராஜஸ்தானும் பின்னாளில் இதே வழிக்கு வந்தன.

● தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. ஆபீஸ் குரூப் பாலிசிக்கு இந்தச் சலுகை கிடையாது.