பெருக்கியின் எல்லை

இதயம் துடிக்கும்பொழுது தோலின்மீது தோன்றும் மின்னழுத்த வேறுபாடு ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட்டே; அஃதாவது, ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பினாங்கில் டத்தோ கிராமாட் பகுதிக்கு அண்மையிலுள்ள பொது மருத்துவமனையாயினும், வேறெந்த மருத்துவமனையாயினும், இச்சிற்றளவையே இதய மின்வரைவுக் கருவி கோடாக வரைந்து காட்டுகின்றது. இத்துறைக்கு வழிகாட்டிய வில்லெம் ஐந்தோவன் 1924-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் கையாண்ட மெல்லிழையின் பணியை இன்று ஆற்றுவது ‘கருவிப் பெருக்கி’ என்னும் மின்னணு உறுப்பாகும்.

இதனைப் பொற்கொல்லரின் தராசுக்கு ஒப்பிடலாம். இரு தட்டிலும் ஒத்திருக்கும் எடையை அது பொருட்படுத்தாது; வேறுபாட்டையே காட்டும். அவ்வாறே இப்பெருக்கியும் தன் இரு முனைகளுக்கும் பொதுவான மின்னழுத்தத்தை நீக்கி, வேறுபாட்டை மட்டும் பெருக்குகின்றது. சுவரிலுள்ள 230 வோல்ட்டு மின்சாரம் நோயாளியின் உடலிற் படியவைக்கும் இரைச்சல் இரு முனைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவினதாதலின், பெரிதும் கழிந்துவிடுகின்றது.

ஆயினும், தராசு தாங்கும் எடைக்கு ஓர் எல்லை உண்டு. பெருக்கிக்கும் அஃதுண்டு. தனக்கு ஊட்டப்படும் மின்னழுத்தத்தைக் கடந்து அதனால் எழ இயலாது. தோலில் ஒட்டும் மின்வாய்கள் தாமே 300 மில்லிவோல்ட்டு வரை நிலையான வேறுபாட்டை உண்டாக்கக்கூடும். அதனை நூறு மடங்கு பெருக்கின் 30 வோல்ட்டு வேண்டும். ஊட்டமோ நேரும் எதிருமாக 5 வோல்ட்டே எனின், பெருக்கி உச்சியில் முட்டி நின்றுவிடும். இதயத் துடிப்பு அதில் மறைந்துபோம். ஆதலின் முதற்படியில் பத்து மடங்கே பெருக்கி, நிலையான பகுதியை மின்தேக்கியால் தடுத்து, பின்னரே மேலும் பெருக்குவர்.

இதனினும் நுண்ணிய இடர் ஒன்றுண்டு. மூன்று பெருக்கிகளால் ஆன அமைப்பில், முதலிரண்டின் வெளியீடுகள் பொது மின்னழுத்தத்திற்கு மேலும் கீழுமாக, பெருக்கப்பட்ட வேறுபாட்டின் பாதியளவு விலகி நிற்கும். எம்முனையும் 4 வோல்ட்டு வரையே செல்லலாம் எனக் கொள்க. பொது மின்னழுத்தம் 3 வோல்ட்டு, வேறுபாடு 0.3 வோல்ட்டு, பெருக்கம் பத்து மடங்கு. உள்ளீடுகள் 3.15, 2.85, இறுதி வெளியீடு 3 வோல்ட்டு. யாவும் வரம்பினுள் அடங்கியனவாகவே தோன்றும். ஆனால் உள்ளே ஒரு முனை 4.5 வோல்ட்டுக்கு ஏறவேண்டும்; அஃது இயலாது. வெளியே வருவது பொய்க் கணக்கு. இடர் யாதெனில், அப்பொய்யெண்ணும் மெய்யெண் போன்றே தோன்றுவதுதான்.

இதற்கு மருந்து மூன்று: முதற்படிப் பெருக்கத்தைக் குறைத்தல், ஊட்டத்தை உயர்த்தல், பொது மின்னழுத்தத்தைத் தணித்தல். நோயாளியின் வலக்காலில் இணைக்கும் மின்வாயின் வழியாக எதிர்மாறான சிறு மின்னழுத்தத்தைச் செலுத்துவது மூன்றாவது வகையினது. பிறழும் இதயத்திற்கு மின்னதிர்ச்சி அளிக்கும்பொழுது ஆயிரக்கணக்கான வோல்ட்டு பாயுமாதலின், பெருக்கி அழியாதிருக்கத் தடைகளும் காப்புறுப்புகளும் முன்னே நிற்றல் வேண்டும்.

ஆகவே உள்ளீடு, உள்முனை, வெளியீடு என்னும் மூன்றையும் தனித்தனியே கணக்கிட்ட பின்னரே பெருக்கத்தை உறுதி செய்தல் தகும்.