உடல் எடையைப் படிப்படியாகக் குறைத்தல்
நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதியின் உணவும் ஒரு பரிசோதனையும்

நமது நாட்டில் ஊட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உணவுப் பற்றாக்குறையே முதலில் நினைவுக்கு வருவது வழக்கம். அக்குறை இன்னும் முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆயினும் அதனோடு கூடவே வேறொரு குறையும் கிராமங்களில் பரவி வருகிறது. தேவைக்கு மேற்பட்ட உணவாலும் உழைப்புக் குறைவாலும் உடல் பருத்து, அதன் விளைவாக நீரிழிவு, இரத்தக் கொதிப்பு முதலிய நோய்கள் தோன்றுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, வயது வந்தோரில் நீரிழிவு உடையவர்கள் இந்தியாவில் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம்; கேரளத்தில் 25.5 சதவீதம். அதாவது, கேரளத்தில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது.

கேரளத்தின் தென்கோடியிலுள்ள நெய்யாற்றின்கரை வட்டமும், அதன் எல்லையிலுள்ள பாறசாலையும் இக்கட்டுரைக்குப் பொருத்தமான இடங்களாகும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, அண்டையிலிருந்த விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை பிரிந்தாலும் களியக்காவிளைக்கு இருபுறத்திலும் அடுப்பில் வேகும் உணவு ஒன்றே. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இவ்வூர்களில் பணிபுரியும் கள ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், உடல் எடையை முறையாகக் குறைப்பது எவ்வாறு என்பதை விளக்குவதே இங்கு நோக்கம்.

இப்பகுதியின் உணவு

புழுங்கலரிசிச் சோறு, மரச்சீனி அல்லது கப்பை எனப்படும் மரவள்ளிக் கிழங்கு, தேங்காய், மீன், ஏத்தன்பழம் ஆகியவை இங்கு முக்கிய உணவுகள். திருவிதாங்கூரில் மரச்சீனிப் பயிரைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது, ஏழைக் குடும்பங்களைக் காத்தது இக்கிழங்கே. எனவே அதை இழிவாகக் கருதுவது தவறு. ஆனால் அது பெரும்பாலும் மாச்சத்து மட்டுமே கொண்டது என்பதை அறிய வேண்டும். 100 கிராம் பச்சைக் கிழங்கில் சுமார் 160 கலோரி உண்டு. புரதமோ மிகக் குறைவே. மரச்சீனியுடன் சாளை மீன்கறியைச் சேர்த்துண்ணும் பழக்கம் இக்குறையை ஈடு செய்கிறது. 100 கிராம் சாளையில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது.

முன்னாளில் வயலிலும் தோப்பிலும் நாள் முழுதும் உழைத்தவருக்கு ஒரு தட்டுச் சோறும் ஒரு தட்டு மரச்சீனியும் மிகையல்ல. உழைப்பின் தன்மை மாறியபின் உணவின் அளவு மாறவில்லை. பாலராமபுரத்தில் தறியில் அமர்ந்து நெய்பவருக்கும், அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்கும், கடைவீதிக்கு வாகனத்தில் செல்பவருக்கும், மண்வெட்டி பிடிப்பவருக்குத் தேவையான அளவு உணவு தேவையில்லை. எஞ்சும் சக்தி கொழுப்பாக மாறி உடலில், சிறப்பாக வயிற்றைச் சுற்றிலும், சேர்ந்துவிடுகிறது.

யாருக்கு எடை குறைய வேண்டும்?

எல்லாரும் எடையைக் குறைக்க வேண்டியதில்லை. கிலோகிராமில் கணக்கிட்ட எடையை, மீட்டரில் கணக்கிட்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணை உடல் நிறை எண் என்பர். இந்தியருக்கு அது 23-க்கு மேற்பட்டால் எடை மிகுதி என்றும், 25-க்கு மேற்பட்டால் பருமன் என்றும் கொள்ளப்படுகிறது. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு முதல் எல்லை சுமார் 59 கிலோ. இரண்டாவது 64 கிலோ. எண் 18.5-க்குக் குறைந்தவர் எடையைக் கூட்ட வேண்டுமேயன்றிக் குறைக்கலாகாது.

எடை பார்க்கும் கருவி இல்லாத இடத்திலும் அளவு நாடா ஒன்று போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டினால் கவனம் தேவை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் வகுத்த மதிப்பெண் முறை ஒன்றும் இதற்கு உதவும். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு இருந்ததா என்னும் நான்கு விவரங்களே அதற்கு வேண்டும். மொத்தம் 100 மதிப்பெண். 60 அல்லது அதற்கு மேல் பெறுபவருக்கு நோய் வரும் அபாயம் அதிகம். அத்தகையோரைக் கள ஊழியர்கள் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

ஏன் படிப்படியாக?

பட்டினி கிடந்தோ, ஒரே வகை உணவை உண்டோ, சில நாட்களில் பல கிலோ குறைத்ததாகக் கூறுவோர் உண்டு. முதல் வாரத்தில் குறைவதில் பெரும்பகுதி நீரே. அதன்பின் கொழுப்புடன் தசையும் கரைகிறது. மிக விரைவாக எடை குறைந்தால் பித்தப்பையில் கற்கள் உண்டாவதும் உண்டு. பட்டினியை நெடுநாள் தொடர முடியாதாகையால், பழைய உணவுக்குத் திரும்பியதும் பழைய எடையும் திரும்பிவிடுகிறது.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே பாதுகாப்பானது என்றும், எடை குறைப்போரின் உணவு நாளொன்றுக்கு 1,000 கலோரிக்குக் குறையலாகாது என்றும் அறிவுறுத்துகிறது. இந்நிறுவனம் 1918-இல் நீலகிரியிலுள்ள குன்னூரில் சிறியதோர் ஆய்வுக்கூடமாகத் தோன்றி, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஆறு மாதத்தில் மூன்றரைக் கிலோ, அதாவது நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே இரத்தக் கொதிப்பிலும் இரத்தச் சர்க்கரையிலும் நன்மை காணலாம்.

ஒரு கிலோ உடற்கொழுப்பு சுமார் 7,700 கலோரிக்குச் சமம். இதைக் கொண்டு ஓர் எளிய கணக்கிடுவோம். நண்பகலில் 100 கிராம் சோறு, அதாவது ஏறக்குறைய ஒரு அகப்பை குறைத்தால் 130 கலோரி மிச்சம். மாலையில் 30 கிராம் ஏத்தங்காய் உப்பேரியை விட்டால் 150. மூன்று வேளைத் தேநீரில் வேளைக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை குறைத்தால் 60. சமையலில் தம் பங்குக்கு வரும் எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி குறைத்தால் 120. ஆக மொத்தம் நாளொன்றுக்கு 460 கலோரி. வாரத்தில் சுமார் 400 கிராம் எடை. உடல் குறைந்த உணவுக்குத் தன்னைப் பழக்கிக் கொள்வதால், நடைமுறையில் இதைவிடச் சற்றுக் குறைவாகவே பலன் காணப்படும். இந்நான்கில் எதற்கும் காசு செலவில்லை. தனிச் சமையலும் தேவையில்லை.

தட்டில் செய்ய வேண்டிய மாற்றங்கள்

முதலாவதாக, சோறும் மரச்சீனியும் ஒரே வேலையைச் செய்யும் உணவுகள் என்பதை உணர்த்த வேண்டும். மரச்சீனி உண்ணும் வேளையில் அது சோற்றுக்குப் பதிலாக இருக்கட்டும். சோற்றுக்குத் துணைக்கறியாக அல்ல. சக்கை, சேனை, ஏத்தங்காய் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். மரச்சீனியை நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிடும் வழக்கத்தைக் கைவிடலாகாது. கிழங்கிலுள்ள நச்சுப்பொருள் அதனால் நீங்குகிறது.

இரண்டாவதாக, தட்டில் ஏறக்குறைய பாதி காய்கறியும் கீரையும் பழமுமாக இருக்க வேண்டும். முருங்கைக்கீரை, தண்டங்கீரை, பயற்றங்காய், வெள்ளரி, வாழைப்பூ, வாழைத்தண்டு ஆகியவை வீட்டுப் புறத்திலேயே கிடைப்பவை. துவரன், அவியல் முதலியவற்றில் தேங்காயை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. 100 கிராம் தேங்காய்த் துருவலில் சுமார் 400 கலோரி உண்டாகையால், அளவைப் பாதியாக்கினால் போதும். தேங்காய் அரைத்துச் சேர்த்த கறி உள்ள வேளையில் பொரித்த உணவைத் தவிர்க்கலாம்.

மூன்றாவதாக, புரதத்தைக் குறைக்கலாகாது. பயறு, கடலை, மோர், முட்டை, மீன் ஆகியவற்றில் இரண்டேனும் நாள்தோறும் இருக்கட்டும். கஞ்சியும் பயறும் என்னும் பழைய உணவில் கஞ்சியைக் குறைத்துப் பயற்றைக் கூட்டினால் அதுவே சிறந்த இரவு உணவாகும். பூவாறு, பொழியூர்க் கடற்கரைகளிலிருந்து வரும் சாளையையும் நெத்திலியையும் பொரிப்பதைவிடக் கறியாக்குவது நலம்.

இங்கே இரண்டு தவறான கருத்துகளைக் களைய வேண்டும். இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்தி உண்டால் எடை குறையும் என்பது ஒன்று. 100 கிராம் கோதுமை மாவிலும் 100 கிராம் அரிசியிலும் உள்ள கலோரி ஏறக்குறைய ஒன்றே. ஐந்து சப்பாத்தி உண்பவர் எதையும் குறைத்தவராகார். சிவப்பரிசி எவ்வளவு உண்டாலும் பருமன் உண்டாகாது என்பது மற்றொன்று. தவிட்டுச் சத்து மிகுதி என்பதால் அது நல்லதே. ஆனால் அதற்கும் அளவு உண்டு.

நெய்யாற்றின்கரையில் நடந்த பரிசோதனை

இவ்வறிவுரைகள் கிராமங்களில் பலிக்குமா என்பதை இதே வட்டத்தில் விஞ்ஞான முறையில் சோதித்திருக்கின்றனர். திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தாரும் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தை நடத்தினர். நெய்யாற்றின்கரை வட்டத்தின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளிலிருந்து, மேலே கூறிய முறையில் 60 மதிப்பெண்ணுக்குக் குறையாது பெற்ற 1,007 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எல்லாரும் 30 முதல் 60 வயதுக்குட்பட்டவர்கள். ஒரு பாதிப் பகுதிகளில் அறிவுரை நூல் ஒன்று மட்டும் கொடுக்கப்பட்டது. மறு பாதியில், ஓராண்டில் 15 கூட்டங்கள் நடத்தப்பட்டன. நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர். அவ்வூர் மக்களிடையிலிருந்தே பயிற்சி பெற்றவர்கள். அவற்றோடு இணைந்து, பழக்கங்கள் நிலைபெறுவதற்கான வேறு செயல்களும் ஊரளவில் நடைபெற்றன.

இரண்டாண்டு கழித்துக் கண்ட முடிவு 2018-இல் வெளியிடப்பட்டது. நூல் மட்டும் பெற்றவர்களில் 17.1 சதவீதத்தினருக்கும், கூட்டங்களில் பங்கு பெற்றவர்களில் 14.9 சதவீதத்தினருக்கும் நீரிழிவு தோன்றியது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று கருதத்தக்க அளவுக்குச் சிறியது. ஆகவே கூட்டங்களால் நோய் தடுக்கப்பட்டது என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஆனால் நாளொன்றுக்கு ஐந்து பங்கு காய்கறி, பழம் உண்போர் கூட்டங்களில் பங்கு பெற்றோரிடையே கூடுதலாயினர், மதுப்பழக்கம் குறைந்தது, அபாய மதிப்பெண்ணும் ஓரளவு தாழ்ந்தது, உடல் இயக்கத் திறன் மேம்பட்டது.

இதனுடன் சென்னையில் நிகழ்ந்த மற்றோர் ஆய்வையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரத்தச் சர்க்கரை சற்றே மிகுந்திருந்த 531 பேரிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான அவ்வாய்வில், உணவையும் உடலுழைப்பையும் திருத்தியவர்களிடையே நோய் வரும் வீதம் 28.5 சதவீதம் குறைந்தது. குறிப்பிடத்தக்க எடைக் குறைவு ஏற்படாமலே இந்நன்மை கிட்டியது.

இவ்விரண்டிலிருந்தும் நாம் பெறும் பாடம் யாது? பழக்கங்கள் அண்டை வீட்டாரின் துணையால் மாறக்கூடியவை. ஆனால் அம்மாற்றம் சிறிது சிறிதாகவே நிகழும். எடைக் கருவியின் முள் அசையவில்லை என்பதால் முயற்சி வீணாயிற்று என்று எவரும் மனந்தளர வேண்டியதில்லை. அதேபோல், கைகூடாத பலனை வாக்களிப்பதும் கூடாது. மூன்று மாதத்தில் நோய் மறையும் என்று கேட்டு வந்தவர், மறையாதபோது அறிவுரை முழுவதையும் கைவிட்டுவிடுவார்.

கள ஊழியர்களும் ஆசிரியர்களும் செய்யத்தக்கவை

வீட்டுக்குச் செல்லும் ஊழியர் முதலில் கேட்டறிய வேண்டியது, நேற்று என்னென்ன உண்டனர், எவ்வளவு உண்டனர் என்பதையே. உணவின் பெயர்களை அவ்வூர் வழக்கிலேயே சொல்வது நலம். ஒரு சந்திப்பில் ஒரு மாற்றத்தை மட்டும் தெரிவு செய்து, அடுத்த சந்திப்பில் அது நிலைத்ததா என்று பார்க்கலாம். வீட்டுப் பெண்மணி ஒருவரிடம் மட்டும் சொல்லிவிட்டு வருவது போதாது. தட்டில் சோற்றைக் குறைத்ததற்காகக் கணவரோ மாமியாரோ குறைகூறும் வீட்டில் எம்மாற்றமும் நிலைப்பதில்லை. ஆகவே குடும்பத்தினர் அனைவரும் சேர்ந்திருக்கும் நேரத்தில் பேசுவதே பயன் தரும். எடையும் இடுப்பளவும் மாதத்துக்கு ஒருமுறை குறித்தால் போதும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், காசநோயாளிகள் ஆகியோருக்கு எடைக் குறைப்பு உணவைக் கூறலாகாது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ பெறுபவர் உணவைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். மருத்துவரைக் கேட்டபின்பே அவர்கள் மாற்றம் செய்ய வேண்டும். முயற்சியின்றித் தானே எடை குறைபவரை உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு, உயரத்திலிருந்து எடையின் எல்லையைக் கணக்கிடுதல், தேநீரில் சேரும் சர்க்கரையை அளத்தல் போன்ற பயிற்சிகளைக் கணிதப் பாடத்திலேயே செய்விக்கலாம். ஆனால் எந்தக் குழந்தையின் பருமனையும் வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்லலாகாது. பள்ளித் தோட்டத்தில் ஒரு பாத்தி கீரையும் ஒரு முருங்கையும் வளர்த்து, அவை மதிய உணவில் சேர்வதைக் குழந்தைகள் காண்பார்களாயின், அச்செய்தியை அவர்களே வீட்டுக்குக் கொண்டு செல்வார்கள்.

இப்பகுதியின் உணவில் விலக்கத்தக்கது என்று ஒன்றும் பெரிதாக இல்லை. அரிசியும் மரச்சீனியும் தேங்காயும் மீனும் கீரையும் முன்போலவே இருக்கலாம். அவற்றின் அளவுகளை இன்றைய உழைப்புக்கு ஏற்ப மாற்றியமைப்பதும், அம்மாற்றத்தை அவசரமின்றி, அண்டை அயலாரோடு சேர்ந்து நிலைநிறுத்துவதுமே நாம் செய்ய வேண்டியவை.